காற்று ஏறும் வரை காத்திருங்கள்!

காலை ஆறு மணி. திருவொற்றியூரில் ஒரு தெருமுனை. தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிப் போகும் பழைய பஸ் ஒன்று நிற்கிறது. எஞ்சின் ஓடுகிறது. புகை வருகிறது. ஆனால் பஸ் நகரவில்லை.

"என்னப்பா, கிளப்பு! ஏழு மணிக்கு கேட்டை மூடிடுவான்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

டிரைவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் கண், ஸ்டியரிங்குக்கு முன்னால் இருக்கும் ஒரு சின்ன வட்டத்தின் மேல் இருந்தது. அதில் ஒரு முள். அந்த முள் 4-ல் நின்றுவிட்டது. மேலே ஏற மறுத்தது. "கீ..." என்று ஒரு சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது.

"காத்து ஏறலை அண்ணே" என்றார் டிரைவர்.

"நேத்தும் இதையேதானே சொன்னே?"

எல்லோரும் சிரித்தார்கள். டிரைவர் சிரிக்கவில்லை.

எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த நான் இதைப் பார்த்தேன். அன்று காலை அங்கே நடந்ததை வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஏனென்றால் அந்தப் பஸ்ஸைப் போன்ற ஒன்றில்தான் நம் வீட்டு ஆண்கள் வேலைக்குப் போகிறார்கள். நம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் நாம் வாடகைக்கு எடுப்பதும் அப்படிப்பட்ட ஒரு பஸ்ஸைத்தான்.

இரண்டு பிரேக்குகள்

பஸ்ஸில் டிரைவர் காலால் மிதிக்கும் பிரேக் ஒன்று. நிறுத்திய பிறகு கையால் போடும் பிரேக் இன்னொன்று. இரண்டுக்கும் காற்றுதான் ஆதாரம். எஞ்சின் ஓடும்போது கம்ப்ரஸர் என்ற சிறு இயந்திரம் காற்றைப் பிடித்து, இரும்பு டேங்குகளில் அடைக்கிறது. அந்தக் காற்றின் அழுத்தத்தைத்தான் முள் காட்டுகிறது. நல்ல பஸ்ஸில் முள் 7, 8 வரை ஏறும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்றைப் போல மூன்று பங்குக்கும் மேல்!

இங்கேதான் ஒரு வேடிக்கை இருக்கிறது. கால் பிரேக் பிடிப்பதற்குக் காற்று வேண்டும். கைப் பிரேக்கோ, விடுவதற்குத்தான் காற்று வேண்டும்.

பின் சக்கரங்களை ஒட்டி, பானை அளவுக்கு உருண்டையாக ஒரு டப்பா இருக்கும். ஒவ்வொரு பக்கமும் ஒன்று. அதன் ஒரு பாதிக்குள் பெரிய ஸ்பிரிங் ஒன்று சுருண்டு உட்கார்ந்திருக்கிறது. பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங் போலத்தான். ஆனால் இது தள்ளும் பலம் ஏறத்தாழ ஒரு டன். டிரைவர் கைப்பிடியை இழுத்தால், டப்பாவின் அந்தப் பாதியில் இருக்கும் காற்று "புஸ்" என்று வெளியேறும். ஸ்பிரிங் விரிந்து பிரேக்கை இறுக்கிப் பிடிக்கும். கைப்பிடியை விட்டால், டேங்கிலிருந்து காற்று உள்ளே போய் ஸ்பிரிங்கை அமுக்கும். சக்கரம் விடுபடும்.

ஆகவே காற்று போதாவிட்டால் பஸ் நகராது. ஓடும்போது குழாய் அறுந்து காற்றெல்லாம் போனாலும், ஸ்பிரிங் தானே விரிந்து பஸ்ஸை நிறுத்தப் பார்க்கும். யாரும் எதையும் இழுக்க வேண்டியதில்லை.

47 உயிர்கள்

இந்த ஏற்பாடு ஒரே நாளில் வந்ததல்ல. ரெயிலில்தான் தொடங்கியது. அமெரிக்காவில் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் என்பவர் 1869-ல் காற்றுப் பிரேக் செய்தார். அதில் குழாய் அறுந்தால் பிரேக்கே இல்லை. 1872-ல் அவரே அதைத் தலைகீழாக மாற்றினார். குழாய் அறுந்தால் பிரேக் பிடிக்கும்படி செய்தார்.

ஆனால் அதிலும் ஒரு குறை உண்டு. பிடித்துக்கொண்டிருப்பது காற்றுதான். நெடுநேரம் கவனிக்காமல் விட்டால் அந்தக் காற்றும் கசிந்து போகும்.

கனடா நாட்டில் லாக் மெகாந்திக் என்று ஓர் ஊர். 2013 ஜூலை மாதம், 72 டேங்க் வேகன்களில் கச்சா எண்ணெய் ஏற்றிய ரெயில் ஒன்றை அந்த ஊருக்கு மேலே ஒரு சரிவில் நிறுத்திவிட்டு டிரைவர் தூங்கப் போனார். இரவில் எஞ்சினில் தீப்பிடித்தது. தீயை அணைக்க வந்தவர்கள் எஞ்சினை நிறுத்தினார்கள். எஞ்சின் நின்றதும் கம்ப்ரஸரும் நின்றது. காற்று மெல்ல மெல்லக் கசிந்தது. பிரேக் தளர்ந்தது. கையால் திருகி வைக்கும் பிரேக்கைப் போதுமான பெட்டிகளில் போட்டிருக்கவில்லை.

ஆளில்லாத ரெயில் சரிவில் உருண்டு, ஊருக்கு நடுவே தடம் புரண்டு வெடித்தது. 47 பேர் மாண்டார்கள்.

பஸ்ஸில் ஸ்பிரிங்கை வைத்ததன் அருமை இப்போது புரிகிறதல்லவா? ஸ்பிரிங்குக்குத் தூக்கம் இல்லை. இரவெல்லாம் காற்று கசிந்தாலும் அது பிடித்த பிடியை விடாது.

மேஸ்திரி வந்தார்

நம் தெருமுனைக்கு வருவோம். நாலு கடை தள்ளி ஒரு மெக்கானிக் ஷெட். அங்கிருந்து மேஸ்திரி நடந்து வந்தார். வயது அறுபது இருக்கும். வரும்போதே கையில் இரண்டு மரக்கட்டைகள். பஸ்ஸைப் பார்ப்பதற்கு முன்னால், முன் சக்கரத்தின் இரு பக்கமும் கட்டைகளைச் செருகினார்.

"கட்டை போடாம வண்டிக்குக் கீழே போனா, பொண்டாட்டி தாலி அவ கையில இல்லை" என்று சொல்லிக்கொண்டே குனிந்தார்.

பிறகு டிரைவரிடம் இரண்டே கேள்வி கேட்டார்.

"கைப்பிடியை இழுத்து வெச்சா முள் ஏறுதா தம்பி?"

"ஏறுது மேஸ்திரி. ஏழு வரைக்கும் போவுது."

"விட்டா?"

"சரசரன்னு நாலுக்கு எறங்கிடுது."

மேஸ்திரி தலையாட்டினார். அவருக்கு நோய் தெரிந்துவிட்டது. பிரேக் போட்ட நிலையில் முள் ஏறுகிறது என்றால் கம்ப்ரஸர் நன்றாக இருக்கிறது. டேங்கும் நன்றாக இருக்கிறது. பிரேக்கை விட்டதும் காற்று எங்கே போகிறது? ஸ்பிரிங் டப்பாவுக்குப் போகிறது. அப்படியானால் ஓட்டை அங்கேதான், அல்லது அங்கே போகும் குழாயில்தான்.

கைப்பிடியை விடச் சொல்லி, எஞ்சினை நிறுத்தச் சொன்னார். பஸ்ஸில் இருந்தவர்களைப் பேசாமல் இருக்கச் சொன்னார். அமைதியானதும் எனக்கே கேட்டது. இடது பின் சக்கரத்தின் பக்கம் "ஸ்ஸ்ஸ்" என்று பாம்பு சீறுவது போல் ஒரு சத்தம். டீக்கடையிலிருந்து சோப்பு நுரை வாங்கிவரச் சொல்லி டப்பாவின் மேல் தடவினார். பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் முக்கினால் குமிழி வருமே, அதைப் போல நுரை பொங்கியது.

டப்பாவுக்குள் டயாப்ரம் என்று ஒரு ரப்பர் தட்டு இருக்கிறது. குக்கர் மூடியில் நாம் போடும் ரப்பர் வளையம் நாளாக நாளாகக் கெட்டிப்பட்டு வெடிக்கிறதல்லவா? இதுவும் அப்படித்தான் வெடிக்கும்.

வலது பக்கம் இருந்த ரகசியம்

வந்த வேலை முடிந்தது என்று மேஸ்திரி எழுந்திருக்கவில்லை. வலது பக்கமும் குனிந்து பார்த்தார். பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"யார் தம்பி இதைக் கட்டினது?"

டிரைவர் பதில் சொல்லவில்லை.

ஸ்பிரிங் டப்பாவின் பின்புறம் ஒரு நீண்ட போல்ட் போடலாம். அதைத் திருகினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் சுருங்கி அப்படியே நின்றுவிடும். எஞ்சின் கெட்டு நடுவழியில் நின்ற பஸ்ஸை இழுத்துச் செல்ல வேண்டுமே, அதற்காக வைத்த வசதி அது. ஷெட்டுக்கு வந்து பழுது பார்த்ததும் போல்ட்டைத் தளர்த்திவிட வேண்டும்.

இந்தப் பஸ்ஸில் வலது பக்க ஸ்பிரிங் எட்டு மாதமாகக் கட்டப்பட்டே இருந்தது! அந்தப் பக்கம் டயாப்ரம் போனபோது, புதிது போடுவதற்குப் பதிலாக ஸ்பிரிங்கைக் கட்டி, காற்றுக் குழாயையும் அடைத்து அனுப்பிவிட்டார்கள். கால் பிரேக் வழக்கம்போல் பிடித்தது. பஸ் ஓடியது. ஏறி உட்கார்ந்தவர்களில் ஒருவருக்கும் தெரியாது. இரவில் அந்தப் பஸ்ஸை ஒரே ஒரு சக்கரம்தான் பிடித்துக்கொண்டிருந்தது.

டிரைவர் மட்டும் அறிவார். அவர் சீட்டுக்குக் கீழே பெரிய கருங்கல் ஒன்று இருந்தது. எங்கே நிறுத்தினாலும் இறங்கிப் போய் அந்தக் கல்லைச் சக்கரத்துக்கு அடியில் வைத்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போவாராம்.

முதலாளிக்குப் போன் போட்டார்கள். அவர் சொன்னது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது.

"இன்னைக்கு ஒரு நாள் அந்தப் பக்கத்தையும் கட்டி அனுப்பிடுங்க மேஸ்திரி. சாயந்தரம் பார்த்துக்கலாம்."

"அது என் கையால நடக்காதுங்க முதலாளி. வேணும்னா வேற ஆளைப் பாருங்க" என்றார் மேஸ்திரி.

யோசித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் கட்டிவிட்டால் அந்தப் பஸ்ஸுக்குக் கைப் பிரேக்கே கிடையாது. மேம்பாலச் சரிவில் நின்றால் டிரைவர் காலை எடுக்க முடியாது. ஓடும்போது காற்று போனால் நிறுத்துவதற்கு எதுவும் இல்லை. உள்ளே நாற்பது பேர்.

உப்புக் காற்றும் தண்ணீரும்

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று நம் பக்கம் முழுவதும் கடலோரம். ஜன்னல் கம்பி எத்தனை சீக்கிரம் துருப்பிடிக்கிறது என்று வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். பஸ்ஸின் அடியில் இருக்கும் இரும்புக் குழாய்க்கும் அதே கதிதான்.

வெளியே உப்பு என்றால் உள்ளே தண்ணீர். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். அந்தக் காற்றை அமுக்கி டேங்கில் அடைத்தால், ஆறும்போது தண்ணீர் பிரிந்து அடியில் தங்கும். கம்ப்ரஸர் தேய்ந்திருந்தால் எண்ணெயும் சேர்ந்து, பழைய காப்பி போல ஒரு குழம்பு உண்டாகும். அது வால்வுகளுக்குள் போய் ஒட்டும். ரப்பரைத் தின்னும். இதற்கென்றே டேங்கின் அடியில் ஒரு சிறு வால்வு வைத்திருக்கிறார்கள். தினமும் ஒரு முறை திறந்துவிட்டால் தண்ணீர் வெளியே வந்துவிடும். புதிய பஸ்களில் ஈரத்தை உறிஞ்சும் டிரையர் இருக்கிறது. அதன் உள்சரக்கையும் காலத்தில் மாற்றாவிட்டால் இருந்தும் பயனில்லை.

மேஸ்திரி அந்தப் பஸ்ஸின் டேங்கைத் திறந்தார். ஒரு சொம்பு தண்ணீர் கொட்டியது.

கைப் பிரேக் விடவில்லை என்றால் எப்போதும் டயாப்ரம்தான் காரணம் என்று நினைத்துவிட வேண்டாம். கைப்பிடியின் வால்வே சிக்கிக்கொள்ளலாம். மழையில் நாலு நாள் நின்ற பஸ்ஸில் லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். அப்போது முள் சரியாக 8 காட்டும், சக்கரம் மட்டும் சுற்றாது. அதற்கு நேர்மாறாக, பிரேக் போட்டும் பஸ் உருண்டால் அது இன்னும் ஆபத்து. லைனிங் தேய்ந்திருக்கலாம். ஸ்லாக் அட்ஜஸ்டர் தளர்ந்து, ஸ்பிரிங் தள்ளும் தூரம் போதாமல் இருக்கலாம். ஆக்சிலிலிருந்து எண்ணெய் கசிந்து டிரம்மில் வழுக்கலாம். ஸ்பிரிங்கே உடைந்திருக்கலாம். அல்லது யாரோ ஒரு புண்ணியவான் போல்ட்டைத் திருகிவிட்டுப் போயிருக்கலாம்!

ஒரு எச்சரிக்கை. கைத்திறன் உள்ள தம்பிமார்கள் சிலருக்கு எதையும் கழற்றிப் பார்க்கும் ஆசை உண்டு. அந்த ஸ்பிரிங் டப்பாவை மட்டும் கழற்றாதீர்கள். மூடி திறந்தால் ஒரு டன் பலத்தோடு ஸ்பிரிங் பாயும். பழகிய மெக்கானிக்குகளே அதில் உயிரை விட்டிருக்கிறார்கள். டப்பாவை முழுசாக மாற்றுவதுதான் முறை.

நம் ஊருக்கு இது அழகா?

எனக்கு வருத்தம் எதில் தெரியுமா? பஸ்ஸும் லாரியும் பிறந்த ஊர் இது. 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் எண்ணூரில் தொடங்கிய தொழிற்சாலைதான் 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. காற்றுப் பிரேக் செய்வதற்கென்றே சுந்தரம் கிளேட்டன் கம்பெனி 1962-ல் ஆரம்பமானது. அதன் தொழிற்சாலை பாடியில் எழுந்தது. இங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவு. அந்த ஆலைகளில் வேலை பார்த்த அப்பாவும் தாத்தாவும் நம் தெருக்களில் எத்தனையோ பேர். அவர்கள் கையால் நாடெங்கும் போன பிரேக்கை, நம் தெருவிலேயே போல்ட் போட்டுக் கட்டுகிறோம்.

சட்டம் இல்லாமல் இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ன்படி கால் பிரேக்கும் வேண்டும், நிறுத்தி வைக்கும் பிரேக்கும் வேண்டும். எட்டு வருஷத்துக்கு மேலான பஸ் ஆண்டுதோறும் தகுதிச் சான்று வாங்க வேண்டும். 2012-ல் தாம்பரம் பக்கம் பள்ளிப் பஸ்ஸின் தரையில் இருந்த ஓட்டை வழியாக ஒரு சின்னப் பெண் விழுந்து இறந்த பிறகு, பள்ளிப் பஸ்களுக்கென்று தமிழ்நாட்டில் தனி விதிகளே வந்தன.

ஆனால் சோதனை நடப்பது வருஷத்தில் ஒரு நாள். அன்றைக்குப் போல்ட்டைத் தளர்த்திவிட்டு, மறுநாள் திருகுகிறவர்களை என்ன செய்வது? மற்ற 364 நாளும் அந்தப் பஸ்ஸுக்குக் காவல் டிரைவர் ஒருவர்தான். அவரோ தினக்கூலிக்காரர். "இது சரியில்லை, எடுக்க மாட்டேன்" என்று சொன்னால் அன்றைய கூலி போகிறது. "சரி" என்று எடுத்து, பஸ் உருண்டு யாராவது அடிபட்டால் முதலில் போலீஸ் பிடிப்பதும் அவரைத்தான்.

இது நியாயமில்லை என்பது என் கருத்து. ஸ்பிரிங்கைக் கட்டி ஓடும் பஸ்ஸைப் பிடித்தால், கட்டச் சொன்ன முதலாளியைத்தான் முதலில் கூண்டில் ஏற்ற வேண்டும். சோதனை செய்யும் அதிகாரிகள் நடுரோட்டில் லைசென்ஸையும் இன்ஷூரன்ஸையும் கேட்பதோடு நிற்காமல், ஒரு நிமிஷம் குனிந்து பின் சக்கரத்தின் டப்பாவைப் பார்க்க வேண்டும். போல்ட் வெளியே நீண்டிருந்தால் கண்ணுக்கே தெரியும். படித்த படிப்பெல்லாம் அதற்குத் தேவையில்லை.

பஸ்ஸை ஒப்பந்தத்துக்கு எடுக்கும் கம்பெனிகளும் பள்ளிக்கூடங்களும் "வாடகை எவ்வளவு?" என்று கேட்கிறார்கள். நல்லது. கூடவே காலையில் டிரைவருக்குப் பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறதா என்றும் கேட்கட்டும். அந்தப் பத்து நிமிஷத்தில் டேங்கின் தண்ணீரை இறக்கலாம். காற்றை முழுக்க ஏற்றி, எஞ்சினை நிறுத்தி, முள் இறங்குகிறதா என்று பார்க்கலாம். பிரேக்கை விட்டு ஒரு முறை, மிதித்து ஒரு முறை சத்தம் கேட்கலாம். பிரேக் போட்ட நிலையில் கியரில் மெல்ல இழுத்து, பிடிக்கிறதா என்று அறியலாம். அந்தப் பத்து நிமிஷத்துக்கும் கூலி உண்டு என்று எழுதிக் கொடுக்கட்டும்.

ஏறி உட்காரும் நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. "கிளப்பு, கிளப்பு" என்று கத்தாமல் இருப்பதுதான் அது. எஞ்சின் ஓடியும் பஸ் நிற்கிறதென்றால் டிரைவர் சோம்பேறி என்று அர்த்தமில்லை. முள் ஏறுகிறதா என்று பார்க்கிறார் என்று அர்த்தம். தினமும் வெகுநேரம் ஆனால், "என்ன தம்பி, காத்து எங்கயாவது போவுதா? முதலாளிகிட்ட நாங்களும் சொல்லட்டுமா?" என்று கேளுங்கள். ஒரு டிரைவர் சொன்னால் கேட்காத முதலாளி, நாற்பது பேர் சொன்னால் கேட்பார். சீட்டுக்கு அடியில் கல் ஒன்று கிடந்தால், அது எதற்கு என்றும் கேளுங்கள்.

அன்று என்ன நடந்தது?

தொழிலாளர்கள் இறங்கி, பாதிப் பேர் டவுன் பஸ்ஸையும் பாதிப் பேர் ஷேர் ஆட்டோவையும் பிடித்துப் போனார்கள். மேஸ்திரி அசைந்து கொடுக்காததால் முதலாளி இரண்டு புது டப்பாக்களை வாங்கி அனுப்பினார். மத்தியானம் இரண்டு மணிக்கு வேலை முடிந்தது. வலது பக்கத்தில் அடைத்திருந்த குழாயைத் திறந்தார்கள். பழைய போல்ட்டை மேஸ்திரி தன் பையில் போட்டுக்கொண்டார். "இழுக்கணும்னா என்கிட்ட வா, தர்றேன்" என்றார்.

முள் 8-க்கு ஏறியது. டிரைவர் கைப்பிடியை இழுத்தார். "புஸ்" என்று காற்று போனது. கட்டைகளை எடுத்த பிறகும் பஸ் அசையாமல் நின்றது.

மறுநாள் டீக்கடையில் அந்த டிரைவரைப் பார்த்தேன். பஸ் எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன். "நல்லா இருக்கு சார்" என்றார். பிறகு, அரை நாள் கூலியைப் பிடித்துக்கொண்டார்கள் என்று சொன்னார்.